பொட்டலத்துக்குப் பத்தியம்

குழந்தை பிறந்த அன்று நர்ஸ் அவனைத் துணியில் இறுக்கிச் சுற்றி, மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி, தகப்பன் கையில் கொடுத்தாள். தகப்பனுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் வேலை. உதிரி சாமான் வாங்கிப் பழகிய கை, அந்தச் சுருளை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தது. "என்ன சிஸ்டர், பொட்டலமா கட்டிக் குடுத்துட்டீங்க" என்றான். அன்றிலிருந்து பையன் பொட்டலம்தான். முறையாக வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அதை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் எடுத்து உபயோகித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டியிருந்தது. நாலாவது மாதத்துக்கு மேல் பொட்டலத்தின் கன்னங்களில் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிந்தது. பிறகு முழங்கை மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும். பால் குடித்துவிட்டு முதுகை வில்லாய் வளைத்துக்கொண்டு அழுவான். ஒருநாள் கழுவிவிடும்போது மலத்தில் மெல்லிய நூல் போல ரத்தம் வந்தது. அவன் அம்மா கையில் தண்ணீர்க் குவளையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அந்த வீட்டின் இளைய மருமகள். வீட்டில் எல்லோருக்கும் இளையவள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

டாக்டரம்மாவுக்கு எப்போதும் ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பையனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவனுக்குப் பசும்பால் ஒத்துக்கல."

"நான் பசும்பாலே குடுத்ததில்லையே டாக்டர். என் பால் மட்டும்தான்."

"நீங்க குடிக்கிறீங்களே. நீங்க சாப்பிடறதுல ஒரு துளி உங்க பால்லயும் வரும். அந்தத் துளிதான் இவனுக்கு ஆகல. அம்மா பத்தியம் இருந்தா சரியாப் போயிடும்."

பத்தியமென்றால் லேசுப்பட்ட பத்தியமில்லை. பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பாலாடைக்கட்டி எதுவும் கூடாது. இவை ஒளிந்திருக்கிற ரொட்டி, பிஸ்கட், சாக்லேட்டும் கூடாது. 'ஒளிந்திருக்கிற' என்று டாக்டரம்மா போகிற போக்கில் சொன்ன வார்த்தை இளையவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கடைக்குப் போனால் ஒவ்வொரு பாக்கெட்டையும் கவிழ்த்து, எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்துகளைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படிப்பாள். கடைக்காரர் அவளைக் கண்டதும் பெருமூச்சு விட ஆரம்பித்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், கணவனின் அண்ணன் வேலை பார்ப்பது கேக் கடை அடுப்பில். மனிதர் தங்கம். ஆனால் உடம்பு முழுக்க வெண்ணெய் மணக்கும். சாயங்காலம் அவர் படியேறி வரும்போதே, மாடி முழுக்க ஒரு மணம் முன்னால் வந்து கதவைத் தட்டும். விற்காத க்ரீம் பன்களை அட்டைப்பெட்டியில் கொண்டுவருவார். முன்பெல்லாம் அந்தப் பெட்டியைத் திறக்கிற உரிமை இளையவளுக்குத்தான் இருந்தது. இப்போது அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெறும் டீயை உறிஞ்சுவாள். நாக்கு செத்துப்போய்விட்டது.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இரண்டு படுக்கையறை, நடுவில் கூடம், ஒரே சமையலறை. மூத்தவரின் மனைவி, நமக்கு மூத்தவள், வீட்டிலிருந்தே திரைச்சீலை தைத்தாள். பெரிய கட்டடங்களுக்கான நீளநீளத் திரைகள். தைத்து முடித்ததை மடிக்காமல், தன் அறையில் குறுக்கே கட்டிய கம்பிகளில் வரிசையாகத் தொங்கவிடுவாள். மடித்தால் கோடு விழுமாம். அந்த அறைக்குள் போனால் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாது. அவளுடைய மகள், இரண்டு வயது நிரம்பப் போகிறவள், திரைகளுக்குள் ஓடி ஒளிந்து எல்லோரையும் அலைக்கழிப்பாள். அவளுக்கு வாலு என்று பெயர் வந்ததில் ஆச்சரியமில்லை.

இளையவளுக்கு வேலை ஒரு பெரிய தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில். வெளிச்சம் வருவதற்கு முன்னால் போய் உச்சிவெயிலில் திரும்புவாள். அறையின் நீளத்துக்குச் சுடச்சுட ஓர் உருளை சுழலும். அந்தப் பக்கம் ஒருத்தி ஈரப் படுக்கைவிரிப்பை உள்ளே விடுவாள், இந்தப் பக்கம் இளையவள் அதைச் சுருக்கமில்லாமல் வாங்கி மடிப்பாள். கூரை தெரியாத அளவுக்கு நீராவி. தூக்கம் நிறையாத கண்ணுக்கு அந்த இடம் பூமியில் இருப்பதாகவே தோன்றாது. வெள்ளை வெள்ளையாக ஏதோ வந்துகொண்டே இருக்கும், அவள் வாங்கிக்கொண்டே இருப்பாள். சில சமயம் விரிப்பின் மடிப்புக்குள் பொட்டலத்தின் முகம் தெரியும். கூட்டாளி "ஏய், எந்த ஊர்ல இருக்கே?" என்று அதட்டும்போதுதான் நின்ற இடத்துக்குத் திரும்பி வருவாள்.

இடைவேளையில் விரிப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். மூட்டைமேல் உட்கார்ந்து, கைப்பம்பால் பால் எடுப்பாள். கூரை வரை வெள்ளைத் துணி, வெதுவெதுப்பு, சோப்பு வாசனை. பால் சொட்டுச்சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கண் சொருகும். நிறைந்த புட்டியை ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால், அது மறுநாள் காலை பொட்டலத்துக்கு. ஊட்டுவது மூத்தவள்.

"குடிச்சானாக்கா?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்பாள்.

"ம்" என்பாள் மூத்தவள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

புட்டி காலியாக, கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்தால் இளையவளுக்குக் காலையிலிருந்து நின்ற கால்வலி பாதி போய்விடும்.

பத்தியம் தொடங்கி ஒரு மாதம் ஓடிவிட்டது. கன்னத்துச் சிவப்பு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை, மலத்தில் நூலும் நிற்கவில்லை. வீட்டில் விசாரணை ஆரம்பமானது. முதலில் சந்தேகம் விழுந்தது கேக் கடைக்காரர் மேல். பாவம், அவர் கொலைக் குற்றவாளி போல வாசலிலேயே நின்று கைகளை முழங்கை வரை தேய்த்துக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார். குழந்தையைத் தூக்குவதையே விட்டுவிட்டார். எட்ட நின்று "என்னடா பொட்டலம்" என்று கூப்பிடுவார். அப்படியும் ஒன்றும் குறையவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் இளையவளின் கணவன் ஃப்ரிட்ஜிலிருந்து வெண்ணெயை எடுத்துப் பார்த்தான்.

"இது என்ன இப்படித் தேயுது? நேத்துதானே அண்ணன் கொண்டு வந்தாரு." பிறகு மனைவியைப் பார்த்துச் சிரித்தான். "நீ தூக்கத்துல எழுந்து போய்த் திங்கிறியோ என்னவோ."

மூத்தவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேடிக்கைக்குத்தான் சொன்னான் அவன். ஆனால் இளையவளால் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் அவளுக்கு மத்தியானங்களில் ஒரு கனவு வந்துகொண்டிருந்தது.

வேலையிலிருந்து வந்து, சாப்பிட்டு, பொட்டலத்தை அணைத்துக்கொண்டு படுப்பாள். அவன் ஒரு கையால் அவள் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் மூக்கையோ உதட்டையோ ஆராய்ந்துகொண்டே குடிப்பான். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையில் ஒரு சின்னச் சத்தம். வெளியே தெரு வெயிலில் கிடக்கும். நாள் முழுக்க யார் யாருக்காகவோ ஓடிய உடம்பு, அந்த நேரத்தில் மட்டும் அவளுடையதாக இருக்கும். அல்லது அவனுடையதாக; அந்த வித்தியாசம் அப்போது தெரியாது. அவன் கண் மூடும் முன்பே பெரும்பாலும் அவள் தூங்கிவிடுவாள்.

அப்போதுதான் அந்தக் கனவு. அதே சலவைக்கூடம்தான், ஆனால் உருளை நின்றிருக்கும், சத்தமில்லை. விரிப்புகள் கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கும். எங்கேயோ ஒரு குழந்தை சிணுங்கும், உடனே அடங்கும். எங்கோ ஒரு திரைக்குப் பின்னால் யாரோ குழந்தைக்குப் பால் கொடுக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவாள். விலக்க விலக்க இன்னொன்று இருக்கும். பயமான கனவில்லை, சொல்லப்போனால் சுகமான கனவு. வெண்ணெய் மணம்கூட லேசாக வரும். விழிக்கும்போது பொட்டலம் பக்கத்தில் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருப்பான்.

அந்த வெண்ணெய் மணம்தான் அவளை விடவில்லை. உண்மையிலேயே தூக்கத்தில் எழுந்து போகிறோமோ, ஃப்ரிட்ஜைத் திறந்து தின்றுவிட்டு வந்து படுக்கிறோமோ, பகலெல்லாம் காக்கிற பத்தியத்தைத் தூங்குகிற நாக்கு கெடுக்கிறதோ என்று குழம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது சிரிக்கமாட்டார்கள். இரண்டுமே அவளுக்குத் தாங்காது.

அடுத்த முறை டாக்டரம்மா குழந்தையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வேலைக்குப் போறப்ப யாரு பாத்துக்கறாங்க? என்ன குடுக்கறாங்க?"

"எங்க அக்கா. என் பாலைத்தான், புட்டியில."

"நீங்க ஏதாவது தெரியாமச் சாப்பிடறீங்களா?"

இளையவள் குனிந்து பொட்டலத்துக்குச் சட்டையை மாட்டினாள்.

"சரி, இன்னும் கொஞ்ச நாள் பாப்போம். அடுத்த தடவையும் இப்படியே ரத்தம் வந்தா, உங்க பாலை நிறுத்திட்டு டின்னுக்கு மாத்திடலாம். இதுக்குன்னே செஞ்ச பவுடர் இருக்கு. நல்லா வளருவான். அதுல ஒரு தப்பும் இல்ல."

தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். எத்தனையோ குழந்தைகள் டின் பாலில் குண்டுகுண்டாக வளர்வதை அவள் பார்த்திருக்கிறாள். ஆனாலும் வீடு வரும் வழி முழுக்கக் கண்ணீர் நிற்கவில்லை. அந்த மத்தியானங்கள் போய்விடும். தன் நாக்கை அடக்க வக்கில்லாமல் அவற்றை இழக்கப் போகிறோம் என்பதுதான் அவளை அறுத்தது.

அன்று முதல் மத்தியானம் படுக்கும்போது, மூத்தவளின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த நூலின் ஒரு முனையைக் கணுக்காலிலும் மறுமுனையைக் கட்டில் காலிலும் கட்டிக்கொண்டாள். தூக்கத்தில் எழுந்தால் அறுந்துவிடும், குட்டு வெளிப்பட்டுவிடும். விழித்ததும் முதல் வேலையாகக் காலைத் தடவுவாள். நூல் அப்படியே இருக்கும். அடுத்த நாளும் அப்படியே இருந்தது. நிம்மதி வர வேண்டிய இடத்தில் குழப்பம்தான் வந்தது.

பிறகு ஒரு மத்தியானம் நல்ல புழுக்கம். கனவு வழக்கம்போல வந்தது. சிணுங்கல், பிறகு அமைதி. இந்தத் தடவை எப்படியும் பார்த்துவிடுவது என்று கனவுக்குள்ளேயே தீர்மானித்துக்கொண்டாள். எழுந்து நடந்தாள். கணுக்காலில் ஏதோ சுரீரென்று இழுத்து விட்டது. தரை குளிர்ச்சியாக இருந்தது. வெள்ளைத் திரைகள் வந்தன. ஒன்றை விலக்கினாள், இன்னொன்று. துணியின் ஊடே வெயில் பால் நிறமாக இறங்கிக்கொண்டிருந்தது. கடைசித் திரையை விலக்கியபோது, சுவரில் சாய்ந்து கால் நீட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை குடித்துக்கொண்டிருந்தான். தொண்டையில் அதே சின்னச் சத்தம்.

இளையவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அந்தப் பெண் கண்ணை மூடியிருந்தாள். அவள் முகத்தில் இருந்த அமைதியை இளையவளுக்கு நன்றாகத் தெரியும், உள்ளிருந்து தெரியும். தானேதான் அங்கே உட்கார்ந்திருக்கிறோம், தன்னையேதான் பார்க்கிறோம் என்று தோன்றியது. அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.

அப்போது பொட்டலம் வாயை எடுத்துத் திரும்பினான். அம்மாவைப் பார்த்துவிட்டு, உதட்டோரம் பால் வழியச் சிரித்தான். கனவில் குழந்தையின் முகத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

இளையவள் தன் காலைப் பார்த்தாள். அறுந்த நூல் கணுக்காலிலிருந்து தரையில் நீண்டு, திரைகளுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

மூத்தவள் கண்ணைத் திறந்தாள். ரவிக்கையைக்கூட இழுத்துவிடத் தோன்றாமல் அப்படியே இருந்தாள்.

"எத்தனை நாளாக்கா?"

"அவன் புட்டிய வாயிலயே வெக்கலடி. நீ வேலைக்குப் போன முதல் நாள்லேர்ந்தே. நாக்கால தள்ளித் தள்ளி ஒரே அழுகை. மூச்சே நின்னுடும்போல இருந்துச்சு. அப்போ வாலு இன்னும் குடிச்சிட்டிருந்தா, எனக்கு இருந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். உடனே அடங்கிட்டான்."

"அப்போ என் பால்?"

மூத்தவள் குழந்தையின் வாயோரத்தைத் துடைத்தாள்.

"நான் எடுத்து வெச்சுட்டுப் போன பால் என்னாச்சு?"

"சிங்க்குல ஊத்தினேன்."

இளையவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். விரிப்பறை மூட்டைமேல் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக எடுத்ததெல்லாம் பாத்திரம் கழுவிய தண்ணீரோடு போயிருக்கிறது. "சொல்லியிருக்கலாமே" என்றாள். குரல் யாருடையதோ போலிருந்தது.

"சொன்னா வேலைய விட்டுடுவே. தெனமும் வந்து அந்தக் காலிப் புட்டியப் பாத்துட்டு எப்படிச் சிரிப்பே. எனக்கு வாய் வரல."

"மத்தியானம் நான்தான் வீட்ல இருக்கேனே. அப்பவும் எதுக்கு?"

"சிணுங்கினான். நீ அசந்து தூங்கறியேன்னு..." மூத்தவள் குழந்தையின் தலையைத் தடவினாள். "அது மட்டுமில்ல. வாலு நிறுத்திட்டா. கூப்பிட்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஓடறா. இவன் மட்டும்தான் எங்கிட்ட வந்தான்."

"நான் பட்டினி கிடந்ததப் பாத்தீங்கதானே?"

"பாத்தேனே. அதனாலதான் நான் நெறையச் சாப்பிட்டேன். நீ ஒண்ணுமே சாப்பிடாம துரும்பாயிட்டே. உன் பால்ல என்ன சத்து இருக்கும், குழந்தை பாவம்னு, நான் வேணும்னே வெண்ணெயும் பாலுமா..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். தன் வாயிலிருந்து வந்தது தன் காதில் விழுந்திருக்க வேண்டும். குழந்தையின் கன்னத்துச் சிவப்பைப் பார்த்தாள், தன் மார்பைப் பார்த்தாள்.

"அம்மா பத்தியம் இருக்கணும்னுதானே டாக்டர் சொன்னாங்க" என்றாள் மெதுவாக. "நான் அவன் அம்மா இல்லியேன்னு இருந்துட்டேன்."

இளையவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "இனிமே இவனைத் தூக்காதீங்க" என்றாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

நடந்ததை அண்ணன் தம்பி இருவரிடமும் யாரும் விளக்கவில்லை. ஓரகத்திகளுக்குள் ஏதோ மனஸ்தாபம், தானாகச் சரியாகும் என்று இருவரும் நழுவிக்கொண்டார்கள். அந்த வித்தையில் ஆண்கள் கெட்டிக்காரர்கள். இளையவள் சலவைக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு வாங்கினாள். சம்பளமில்லாத விடுப்பு. பொட்டலத்தை இடுப்பை விட்டு இறக்கவில்லை. சமையலறைக்கு ஒருத்தி வந்தால் மற்றவள் போய்விடுவாள். சாப்பாடும் வேறு வேறு நேரம்.

சிவப்பு முதலில் காதுக்குப் பின்னால் மறைந்தது. பிறகு முழங்கை மடிப்பில். ஒரு காலையில் இளையவள் அவன் கன்னத்தைத் தொட்டபோது, புதிதாக இஸ்திரி போட்ட துணி போல வழவழவென்றிருந்தது. மலத்தில் நூல் இல்லை. முதுகை வளைக்காமல், வயிறாரக் குடித்துவிட்டு, காலை ஆட்டிக்கொண்டே தூங்கினான். டாக்டரம்மா மூக்கை உறிஞ்சி, "டின் வேண்டாம். நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றார்.

வெளியே வந்ததும் இதை உடனே ஒருத்தரிடம் சொல்ல வேண்டும் என்று இளையவளுக்குத் தவித்தது. யாரிடம் என்று யோசித்தபோது, முதலில் வந்து நின்ற முகம் மூத்தவளுடையது. எரிச்சலாக வந்தது. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள்.

பொட்டலத்துக்கு இந்த மனஸ்தாபமெல்லாம் தெரியாது. அவன் இப்போது தவழ்ந்தான். தரையில் விட்டால் கூடத்தைக் கடந்து நேரே மூத்தவள் அறைக் கதவுக்குத்தான் போவான். கதவைத் தட்டித் தட்டி ஏதோ பேசுவான். உள்ளே தையல் இயந்திரம் நிற்கும். கதவு திறக்காது. சொன்ன சொல்லை மூத்தவள் அவ்வளவு கறாராகக் காத்தாள். இளையவள் வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போவாள். அதற்குப் பிறகும் வெகுநேரம் இயந்திரம் ஓடாது.

விடுப்பு முடியப் போகிறது. பையனை எங்கே விடுவது? கணவன் ஒரு குழந்தைக் காப்பகத்தில் விசாரித்து வந்தான். சுத்தமான இடம்தான், ஆனால் பாலைப் பற்றிச் சொன்னதும் "புட்டியில குடிப்பானில்ல?" என்று கேட்டார்களாம். இத்தனை நாள் குடித்தவன்தானே என்று அவன் தலையாட்டிவிட்டு வந்தான்; பையன் புட்டியைத் தொடமாட்டான் என்பது இளையவளுக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் வாலுவுக்கு இரண்டு வயது நிறைந்தது. அவளுடைய அப்பா கடை அடுப்படியில் நின்று தன் கையாலேயே கேக் செய்துகொண்டு வந்தார். மூன்று அடுக்கு, மேலே வெண்ணெய்ப் பூக்கள். கூடத்தில் எல்லோரும் கூடித்தான் ஆக வேண்டியிருந்தது. இளையவள் பொட்டலத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளுக்கு மட்டும் வேறு கத்தியால் நறுக்கிய பழத்தைத் தனித்தட்டில் வைத்து, எட்ட நின்று நீட்டினார் மூத்தவர். பிறகு வெண்ணெய்ப் பூவோடு பெரிய துண்டாக வெட்டி மனைவியிடம் கொடுத்தார்.

"எனக்கு வேண்டாங்க. வயிறு சரியில்ல."

"மூணு வாரமாவா வயிறு சரியில்ல?" என்றவர், தம்பி பக்கம் திரும்பினார். "இவகிட்ட என்னன்னு கேளுடா. பன் கொண்டு வந்தா தொடறதில்ல. வெண்ணெய் அப்படியே கிடக்கு. டீயில ஒரு சொட்டுப் பால் ஊத்த மாட்டேங்கறா. என் கை ருசி போயிடுச்சாம்."

தம்பி சிரித்தான். வாலு வெண்ணெய்ப் பூவைப் பிய்த்து மூக்கில் அப்பிக்கொண்டாள். பொட்டலத்தின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த இளையவளின் கை மட்டும் நின்றது.

மூத்தவள் காலித்தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இளையவள் குழந்தையோடு பின்னாலேயே போனாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக இருவரும் சமையலறையில் சேர்ந்து நின்றார்கள்.

"எதுக்குக்கா?"

"என்ன எதுக்கு?" மூத்தவள் ஏற்கெனவே சுத்தமாயிருந்த தட்டைத் திரும்பக் கழுவினாள்.

"பால் ஊத்தாத டீ."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூத்தவள் அதை நிறுத்தினாள்.

"ஒருவேளைன்னு நெனச்சேன். நீ எங்கியாவது போயிருப்பே, திரும்ப நேரமாயிடும், இவன் அழுவான். நீயே ஒருநாள் வந்து, குடுங்கக்கான்னு சொல்லுவே. அப்போ என் பால் இவனுக்கு ஆகற பாலா இருக்கணுமில்ல."

இளையவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு, மூத்தவளைக் கேட்க வேண்டியவை என்று நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றுகூட இப்போது கையில் சிக்கவில்லை.

"குடுங்க" என்றாள். "இப்பவே குடுங்க."

மூத்தவள் தலையாட்டினாள். "இல்லடி. வத்திப்போச்சு. இவன் வராம ரெண்டு பக்கமும் கல்லாட்டம் கட்டிக்கிச்சு. வலி உயிர் போச்சு. அப்புறம் தானா அடங்கிடுச்சு. போன வாரத்துலேர்ந்து ஒரு சொட்டு இல்ல."

"அப்புறம் இன்னும் எதுக்கு இந்தப் பத்தியம்?"

மூத்தவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். பதிலை இப்போதுதான் முதல் தடவையாகத் தேடுகிறவள் போலிருந்தாள்.

"விடத் தோணல. விட்டுட்டா, இவனுக்கும் எனக்கும் ஒண்ணுமே இல்லேன்னு ஆயிடும்."

பொட்டலம் இரண்டு கையையும் நீட்டினான். இளையவள் அவனைக் கொடுத்தாள். அவன் மூத்தவளின் மார்பில் முகத்தை அழுத்தித் துணியோடு துழாவினான். ஒன்றும் கிடைக்கவில்லை. அழுவான் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அழவில்லை. கன்னத்தை அங்கேயே வைத்துக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, கண்ணை மூடிக்கொண்டான். அழுதது மூத்தவள்தான். இளையவளும் அழுதாள், அதை மறைக்க அவள் மெனக்கெடவில்லை.

"நாளன்னிக்கு வேலைக்குப் போறேன்" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "பால் எடுத்து வெச்சுட்டுப் போறேன். நீங்கதான் எப்படியாவது இவனுக்கு ஊட்டணும்."

"கிண்ணத்துல ஊத்தி, கரண்டியால குடுத்துப் பாக்கறேன். எத்தனை நாழி ஆனாலும் சரி. ஒரு சொட்டு கீழ போகாது."

கூடத்திலிருந்து மூத்தவரின் குரல் வந்தது. "இந்தத் துண்டு அப்படியே கிடக்கு. யாராவது சாப்பிடுங்களேன்."

மூத்தவளைச் சாப்பிடச் சொல்லலாம். இனி ஒரு தடையும் இல்லை. அவள் தின்பது யாரையும் எதுவும் செய்யாது. சொல்வதுதான் நியாயம்கூட. இளையவள் குழந்தையைப் பார்த்தாள், அவனைத் தாங்கியிருந்த கையைப் பார்த்தாள். சொல்லவில்லை. அடுப்பில் இரண்டு பேருக்கு வெறும் டீ வைத்தாள்.